சுண்டு விரல்ல ஷாக்... ஃபால்ட் எங்கே?



முழங்கையை பெஞ்ச் ஓரத்துல இடிச்சுக்கிட்டிருக்கீங்களா? இடிச்சது என்னவோ முழங்கையிலதான். ஆனா 'சுர்ர்'னு கரன்ட் அடிக்கிறது சுண்டு விரல்லயும் மோதிர விரல்லயும். அந்த ரெண்டு விரலையும் எதுவும் தொடக்கூட இல்லையே, அப்புறம் எப்படி?

இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சா நரம்பு மண்டலத்துல பாதி புரிஞ்ச மாதிரி. மீதியும் புரிஞ்சுட்டா, வீட்டுல ஒருத்தரோட கையையோ காலையோ பேச்சையோ நீங்க காப்பாத்த வேண்டி வந்தா தடுமாற மாட்டீங்க. நம்மள்ல நிறைய பேர் பத்தாவதோட பயாலஜிக்கு டாட்டா காட்டிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்க. அதனால இந்தப் பாடத்தை நம்ம பாஷையிலேயே பார்ப்போம்: கேபிள், ஜாயின்ட், பவர் சப்ளை, ஃபால்ட்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பம்

தமிழ்ல 'நரம்பு' ரொம்ப ஓவர்டைம் பார்க்கிற வார்த்தை. ஊசி போடுற நர்ஸ் அக்கா "நரம்பு கிடைக்கல"ன்னு சொன்னா, அவங்க தேடுறது ரத்தக் குழாயை, அதாவது சிரையை. கழுத்து திரும்ப மாட்டேங்குது, "நரம்பு பிடிச்சுக்கிச்சு"ன்னு பாட்டி சொன்னா, அது பெரும்பாலும் தசை. வீணைத் தந்தியும் நரம்புதான், அதான் அதை நரம்புக் கருவின்னு சொல்றோம். பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டியிருக்கிற 'நரம்புத் தளர்ச்சி' போஸ்டர் எந்த நரம்பைச் சொல்லுதுன்னு அதை ஒட்டினவருக்கே தெரியாது.

இந்தக் கட்டுரையில நரம்புன்னா ஒரே அர்த்தம்தான்: மூளைக்கும் உடம்புக்கும் நடுவுல செய்தி கொண்டு போற கேபிள்.

வயரிங் டயகிராம்

மொத்த மண்டலத்தையும் ரெண்டாப் பிரிக்கலாம். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து உடம்பு முழுக்கக் கிளம்பிப் போற கேபிள்கள் எல்லாம் புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து நேரா 12 ஜோடி நரம்புகள் கிளம்புது. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி.

மூளையோட எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. அதுல மூணு முக்கியமான பகுதிகள். பெருமூளை: யோசிக்கிறது, பேசுறது, பார்க்கிறது, கை காலுக்கு ஆர்டர் போடுறது. சிறுமூளை: தலைக்குப் பின்னாடி கீழே இருக்கிற சின்ன உருண்டை. பேலன்ஸும் டைமிங்கும் இதோட வேலை. மூளையில மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்குன்னு கணக்கு. அதுல 80 சதவீதம் இந்தச் சின்ன உருண்டைக்குள்ளதான் இருக்கு! மூணாவது மூளைத்தண்டு. நீங்க தூங்கினாலும் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கிறது இதுதான். இதோட அடிப்பகுதிக்கு முகுளம்னு பேர். முகுளத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. மூளையிலிருந்து கை காலுக்குப் போற கேபிள்கள்ல பெரும்பாலானவை இங்கதான் இடம் வலமா மாறிக்குது. வலது கையை அசைக்கிறது இடது மூளை. இந்த ஒரு விஷயம் பின்னாடி ரொம்ப உதவும்.

தண்டுவடம் கிட்டத்தட்ட சுண்டு விரல் தடிமன், சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்புக்கு உள்ள பத்திரமா ஓடுது. ஆனா கடைசி வரைக்கும் ஓடாது, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழே நரம்புகள் மட்டும் கொத்தா தொங்கும். பார்க்க குதிரை வால் மாதிரி இருக்கிறதால அதுக்கு அந்தப் பேரையே வச்சுட்டாங்க.

கேபிளுக்குள்ள ரெண்டு வகை லைன். உடம்பிலிருந்து செய்தி கொண்டு வர்றது உணர்வு நரம்பு. உடம்புக்கு ஆர்டர் கொண்டு போறது இயக்க நரம்பு. தோசைக்கல்லுல கை பட்டா 'சூடு'ன்னு நீங்க உணர்றதுக்கு முன்னாடியே கை பின்னாடி வந்துடுது இல்லையா? உணர்வு நரம்பு கொண்டு வந்த செய்தியை வச்சு தண்டுவடமே முடிவெடுத்து, இயக்க நரம்பு வழியா ஆர்டர் அனுப்பிடுது. மூளைக்குத் தகவல் மட்டும் அப்புறமா போகும். இதுதான் அனிச்சைச் செயல். எட்ஜ் கம்ப்யூட்டிங்னு நாம இப்போ பெருமையாப் பேசுறதை, தண்டுவடம் எப்பவோ பண்ணிட்டு இருக்கு.

இது போக, நம்மளைக் கேட்காமலே ஓடுற ஒரு தானியங்கிப் பிரிவும் உண்டு. வைவாவுக்கு வெளியே நிற்கும்போது இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் வறண்டு போகும். அது பரிவு நரம்புகளோட வேலை. வைவா முடிஞ்சு கேன்டீன்ல டீயோட உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கும். அது எதிர்ப்பரிவு நரம்புகளோட வேலை. ஒண்ணு ஆக்ஸிலரேட்டர்னா இன்னொண்ணு பிரேக்.

ஒரே ஒரு நியூரான்

இப்போ கேபிளைப் பிரிச்சு உள்ள பார்ப்போம். நரம்பு மண்டலத்தோட அடிப்படை யூனிட் நியூரான். நடுவுல செல் உடல். அதைச் சுத்தி மரக்கிளை மாதிரி டென்ட்ரைட்டுகள், இதுதான் இன்புட். ஒரு பக்கம் நீளமா ஓடுற ஆக்ஸான், இதுதான் அவுட்புட். உங்க இடுப்புக்கிட்ட இருந்து கால் விரல் வரைக்கும் போற ஒரு ஆக்ஸான் சுமார் ஒரு மீட்டர் இருக்கும். தடிமன் தலைமுடியை விட மெலிசு. ஒரே செல்லோட ஒரே வால் அது!

இது எல்லாம் தனித்தனி செல்லா, இல்ல மொத்தமும் ஒட்டின ஒரே வலையான்னு 19ஆம் நூற்றாண்டுல பெரிய சண்டையே நடந்தது. ஒரே வலைன்னு சொன்னவர் இத்தாலியோட கோல்ஜி. தனித்தனி செல்னு சொன்னவர் ஸ்பெயினோட கஹால். இதுல காமெடி என்னன்னா, கஹால் அதைக் கண்டுபிடிச்சது கோல்ஜி உருவாக்கின சாயமேத்துற முறையை வச்சுத்தான். 1906இல் ரெண்டு பேருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தாங்க. ஜெயிச்சது கஹால் பக்கம்.

ஆக்ஸான்ல சிக்னல் எப்படிப் போகுது? காப்பர் வயர்ல ஓடுற மாதிரி எலக்ட்ரான் ஓடுறதில்லை. சும்மா இருக்கும்போது ஆக்ஸானோட உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவா இருக்கும். தூண்டல் வந்து அது மைனஸ் 55ஐத் தாண்டிச்சுன்னா, சவ்வுல இருக்கிற சோடியம் கதவுகள் படார்னு திறக்கும். சோடியம் அயனிகள் உள்ள பாயும். வோல்டேஜ் பிளஸ் பக்கம் ஏறும். உடனே பொட்டாசியம் வெளியே போய் பழைய நிலைக்கு இறங்கும். எல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுக்குள்ள. இந்தத் துடிப்பு பக்கத்துல இருக்கிற கதவுகளைத் திறக்கும், அது அதுக்கு அடுத்ததைத் திறக்கும். திருவிழா சரவெடி மாதிரி, ஆனா வெடிச்ச வெடி திரும்ப ரெடியாகிடும்.

துடிப்பு ஒண்ணு முழுசா வரும், இல்லைன்னா வரவே வராது. பாதித் துடிப்புன்னு ஒண்ணு கிடையாது. லேசாத் தொட்டா துடிப்புகள் குறைவா வரும், அழுத்தினா அடிக்கடி வரும். தகவல் இருக்கிறது உயரத்துல இல்ல, ஃப்ரீக்வன்சியில. இதையெல்லாம் கணவாய் மீனோட தடிச்ச ஆக்ஸானை வச்சு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் சமன்பாடா எழுதினாங்க. 1963இல் நோபல் கிடைச்சது. அவங்க வரைஞ்ச படத்தைப் பார்த்தா நமக்கு சிரிப்பு வரும்: ஒரு கெபாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், சில பேட்டரிகள். முதல் வருஷ சர்க்யூட் பேப்பர்தான்!

ஸ்பீடு எவ்வளவு? 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்புல அளந்தப்போ செகண்டுக்கு சுமார் 30 மீட்டர் வந்தது. நம்ம உடம்புல மயலின்ங்கிற கொழுப்பு உறை சுத்தின தடிச்ச ஆக்ஸான்கள் செகண்டுக்கு 120 மீட்டர் வரைக்கும் போகும். அதாவது மணிக்கு 432 கிலோமீட்டர். மயலின் நம்ம வயர் மேல இருக்கிற இன்சுலேஷன் மாதிரி. நடுநடுவுல உறை இல்லாத சின்ன இடைவெளிகள் இருக்கும். சிக்னல் அந்த இடைவெளிகள்ல புதுப்பிக்கப்பட்டு அடுத்ததுக்குத் தாவித் தாவிப் போகும். ரிப்பீட்டர் வச்ச லைன்தான். மயலின் இல்லாத ஆக்ஸான்கள் செகண்டுக்கு ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்னு நடந்து போகும். கட்டில் கால்ல விரலை இடிச்சா முதல்ல 'சுருக்', கொஞ்சம் கழிச்சு 'வின்வின்'னு ரெண்டாவது வலி வருதே, அது ரெண்டும் வேற வேற ஸ்பீடு லைன்ல வந்த செய்திகள்.

கடைசியா ஜாயின்ட். ஆக்ஸானோட முனை அடுத்த செல்லைத் தொடாது. நடுவுல சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. இந்த ஜாயின்ட்டுக்கு சினாப்ஸ்னு பேர். பெரும்பாலான சினாப்ஸ்ல கரன்ட் தாண்டாது. முனையிலிருந்து ஒரு ரசாயனம் வெளியே வந்து, அந்தப் பக்கம் இருக்கிற ஏற்பியில ஒட்டும், அப்புறம்தான் அங்க சிக்னல் கிளம்பும். 1921இல் ஓட்டோ லோவி ரெண்டு தவளை இதயத்தை வச்சு இதை நிரூபிச்சார். ஒரு இதயத்தோட நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அந்த இதயத்தைச் சுத்தியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துல ஊத்தினார். அதுவும் மெதுவாச்சு! வயரே இல்லாம செய்தி போயிருக்கு, வெறும் ரசாயனத்தால.

இப்போ ஃபால்ட் தேடலாம்

முழங்கை கேள்விக்கு வருவோம். சுண்டு விரலோட கேபிள் கழுத்திலிருந்து கிளம்பி, முழங்கையோட உள்பக்கம் எலும்பை ஒட்டி, தோலுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது. அங்க இடிச்சா லைன்ல சிக்னல் கிளம்பும். 'இது சுண்டு விரல் லைன்'னு மட்டும்தான் மூளைக்குத் தெரியும். லைனோட எந்த இடத்துல சிக்னல் கிளம்புச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதனால விரல்ல ஷாக் அடிச்சதா எடுத்துக்குது. இடுப்புல டிஸ்க் விலகி நரம்பை அழுத்தினா வலி காலுக்கு இறங்குறதும் இதே கதைதான்.

ஆக, இந்தப் பாடத்துல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கணும்னா இதுதான்: நரம்பு மண்டலத்துல அறிகுறி தெரியுற இடம் வேற, ஃபால்ட் இருக்கிற இடம் வேற. வீட்டுல மெயின் போயிடுச்சுன்னா நாம பல்பைத் துடைச்சுக்கிட்டு உட்கார மாட்டோம். ஆனா உடம்பு விஷயத்துல நிறைய வீட்டுல அதைத்தான் பண்றாங்க. மூணு இடத்துல இது உயிர்ப் பிரச்சினை.

ஃபால்ட் 1: கேபிள் அறுந்தா

கை கால்ல ஓடுற நரம்பு வெட்டுப்பட்டா, சரியா இணைச்சுத் தைச்சா ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்துல மெதுவா வளர்ந்து வர வாய்ப்பு உண்டு. தண்டுவடத்துல அப்படி வளராது. கழுத்துல மேல்பக்கம் தண்டுவடம் அறுந்தா கை, கால் மட்டும் இல்ல, உதரவிதானத்துக்குப் போற நரம்பும் அங்கிருந்துதான் கிளம்புறதால மூச்சே நின்னுடலாம்.

அதனால பைக் ஆக்ஸிடென்ட்ல ஒருத்தர் விழுந்து கிடந்தா, பாசத்துல ஓடிப் போய் கையையும் காலையும் பிடிச்சுத் தூக்காதீங்க. உட்கார வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டாதீங்க. எலும்பு மட்டும் உடைஞ்சு தண்டுவடம் தப்பிச்ச நிலையில இருந்தா, அந்த ஒரு இழுப்புல அதுவும் போயிடலாம். 108க்கு போன் போடுங்க. தலையும் கழுத்தும் அசையாம பிடிச்சுக்கோங்க. வர்ற வண்டிகளை நிறுத்துங்க. மூச்சு இல்லைன்னா அதை போன்லயே சொல்லி, அவங்க சொல்றபடி செய்ங்க. தீ மாதிரி உடனடி ஆபத்து இருந்தா மட்டும்தான் நகர்த்தணும், அதுவும் தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டுல இருக்கிற மாதிரி.

ஃபால்ட் 2: ஜாயின்ட் போனா

கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் ராத்திரியில, தரையில படுத்துத் தூங்குறவங்களைக் கடிக்கும். கடிச்ச இடத்துல பல நேரம் வலியோ வீக்கமோ பெருசா இருக்காது. மூளை நல்லா இருக்கும், கேபிளும் நல்லா இருக்கும். விஷம் போய் அடிக்கிறது நரம்பும் தசையும் சேர்ற சினாப்ஸை. முதல்ல கண் இமை தொங்கும், பேச்சு குழறும், முழுங்க முடியாது, அப்புறம் மூச்சுத் தசைகள் நிக்கும். சில பேருக்கு வயித்து வலிதான் முதல்ல வரும்.

காலையில எழுந்து "இமையைத் திறக்க முடியல"ன்னு ஒருத்தர் சொன்னா, கண்ணுல சொட்டு மருந்து விடுறது பல்பைத் துடைக்கிற வேலை. பாம்புக்கடியா இருக்கலாம்னு சந்தேகப்பட்டு, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகணும். கடிவாயைக் கீறுறது, உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது, மந்திரிக்கிறது எல்லாமே நேரத்தைத் தின்னும். மூச்சுக்கு மெஷின் துணை கொடுத்துக் காப்பாத்திட்டா, அந்த ஜாயின்ட்டுகள் நாளாக ஆக மறுபடி வேலை செய்யும். அதாவது இது ரிப்பேர் ஆகுற ஃபால்ட். ஆள் அது வரைக்கும் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்.

ஃபால்ட் 3: பவர் கட் ஆனா

சோடியம் உள்ள வந்ததுன்னு சொன்னேன் இல்லையா, அதைத் திரும்ப வெளியே தள்ள ஒரு பம்ப் இருக்கு. மூணு சோடியத்தை வெளியே தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள எடுக்கும். இது ராத்திரி பகலா ஓடணும். இதனாலதான் உடம்பு எடையில 2 சதவீதமே இருக்கிற மூளை, ஆக்ஸிஜன்ல சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்குது. ஆனா மூளைக்குள்ள பேட்டரி பேக்கப் கிடையாது. ரத்தம் மொத்தமா நின்னா சுமார் 10 செகண்டுல நினைவு போயிடும். சில நிமிஷத்துல செல்கள் சாக ஆரம்பிக்கும்.

மூளைக்குப் போற ஒரு ரத்தக் குழாய் அடைச்சாலோ வெடிச்சாலோ அது பக்கவாதம். பெரிய குழாய் அடைபட்டா சராசரியா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகுதுன்னு ஒரு மதிப்பீடு உண்டு. ஆனா வெளியில நமக்குத் தெரியுறது என்ன? "வலது கை தூக்க முடியல." ஃபால்ட் இருக்கிறது இடது மூளையில, முகுளத்துல கேபிள் மாறுது இல்லையா, அதான். கை நல்லாத்தான் இருக்கு. வீட்டுல தைலம் தேய்ப்பாங்க, "கை மரத்துப் போயிருக்கும், தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வைப்பாங்க. அந்தத் தூக்கத்துலதான் நேரம் போகுது.

அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி அடைப்பா ரத்தக் கசிவான்னு ஸ்கேன்ல பார்க்கணும். கசிவுன்னா அதே ஊசி ஆபத்து. அதனால வீட்டுல நாமளா ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. முழுங்குற தசையும் பாதிச்சிருக்கலாம், அதனால காபி, தண்ணி எதுவும் கொடுக்கக் கூடாது.

சந்தேகம் வந்தா நாலு விஷயம் பாருங்க.

முகம்: சிரிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் தொங்குதா?
கை: ரெண்டு கையையும் முன்னாடி நீட்டச் சொல்லுங்க. ஒண்ணு தானா கீழே இறங்குதா?
பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்க. குழறுதா, வார்த்தை வரலையா?
நேரம்: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே 108. கடைசியா எத்தனை மணிக்கு அவர் நல்லா இருந்தார்னு எழுதி வச்சுக்கோங்க. டாக்டர் முதல்ல கேட்கப் போறது அதைத்தான்.

பத்து நிமிஷத்துல தானா சரியாயிட்டாலும் போகத்தான் வேணும். அது பெரிய பவர் கட்டுக்கு முன்னாடி லைட் ஒருதரம் மினுக்குறது மாதிரி இருக்கலாம்.

இன்னொண்ணு. பேச்சு போனவருக்கு நாம பேசுறதும் புரியாதுன்னு நினைச்சுடாதீங்க. 1861இல் பிரான்ஸ்ல ப்ரோகாங்கிற டாக்டர் பார்த்த ஒரு நோயாளிக்கு வாயில வந்தது 'டான்'ங்கிற ஒரே ஒலி. ஆனா மத்தவங்க சொன்னது அவருக்குப் புரிஞ்சுது. அவர் இறந்த பிறகு பார்த்தா, இடது மூளையோட முன்பகுதியில ஒரு இடம் சேதமாகியிருந்தது. பேச்சை வெளியே அனுப்புற இடம் வேற, புரிஞ்சுக்கிற இடம் வேற. அதனால கட்டில் பக்கத்துல நின்னு "இனி அவ்வளவுதான்"னு பேசாதீங்க. அவங்களுக்குக் கேட்டுட்டு இருக்கலாம்.

ஹாஸ்டல்ல இருக்கிற நமக்கு ஊர்ல அம்மா அப்பாவும் தாத்தா பாட்டியும் இருக்காங்க. அவங்க இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டாங்க. அதனால இன்னைக்கு ராத்திரி போன் பண்ணும்போது "சாப்டியா"க்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் எடுத்து இந்த நாலு வார்த்தையைச் சொல்லிடுங்க: முகம், கை, பேச்சு, நேரம். ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டச் சொல்லுங்க, கீழேயே 108ன்னும் எழுதச் சொல்லுங்க.